நவஹோ நாட்டில் துப்பறிதல்

துப்பறியும் கதை என்றால் இலக்கியத்துக்கு ஒரு படி கீழே என்று நினைக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ரயில் பயணத்துக்குச் சங்கர்லாலும் கணேஷ் - வசந்தும், ஆண்டு மலருக்குச் சங்க இலக்கியமும் என்று ஒரு பாகுபாடு. இருந்தும் ஒரு துப்பறியும் நாவலாசிரியரைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். ஓர் இனத்தாரின் பழக்கவழக்கங்களைத் தெரிந்துகொள்ளாமல் இவர் கதைகளில் குற்றவாளியைப் பிடிக்கவே முடியாது என்பதுதான் காரணம்.

டோனி ஹில்லர்மன் (1925-2008) அமெரிக்க வெள்ளையர். ஒக்லஹோமா மாநிலத்துக் குக்கிராமம் ஒன்றில் பிறந்து, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கென்று நடந்த பள்ளியில் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு 1945இல் ஊர் திரும்பிய சமயம், எண்ணெய்க் கிணறு தோண்டும் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு நவஹோ மக்கள் வாழும் பகுதிக்குப் போனார். அங்கே, போரிலிருந்து திரும்பியவர்களுக்கு ஒரு சடங்கு நடப்பதைப் பார்த்தார். 'எதிரி வழி' என்று அதற்குப் பெயர். போர்க்களத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த தீட்டைக் கழித்து, ஆளைப் பழையபடி தன் மக்களோடு சேர்க்கிற சடங்கு. 25 வருஷம் கழித்து, 1970இல், 'தி பிளெஸ்ஸிங் வே' என்ற அவருடைய முதல் நாவல் வெளிவந்தபோது அந்தச் சடங்குதான் கதையின் முடிச்சாக இருந்தது. அந்தப் பழங்குடி சமாச்சாரத்தையெல்லாம் எடுத்துவிடச் சொல்லி அவருடைய ஏஜென்ட் புத்தி சொன்னாராம். நல்லவேளை, இவர் கேட்கவில்லை!

நவஹோ மக்கள் தங்களைத் 'தினே' என்று சொல்லிக்கொள்வார்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய 3 மாநிலங்களில் பரந்து கிடக்கும் அவர்கள் நிலம் சுமார் 70,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். பெரும்பகுதி செம்பாறையும் வறண்ட மேய்ச்சல் நிலமும். சொந்த அரசு, சொந்த நீதிமன்றம், சொந்தப் போலீஸ் எல்லாம் உண்டு. ஆனால் கொலை போன்ற பெரிய குற்றம் நடந்தால், 1885ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி மத்திய அரசின் எஃப்.பி.ஐ. வந்துவிடும். வழி தெரியாது, மொழி தெரியாது, ஆனால் வழக்கு அவர்களுடையது. நவஹோ போலீஸ்காரர் கூடவே போய் வழிகாட்டலாம், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட போலீஸ்காரர்கள் 2 பேர் ஹில்லர்மனின் 18 நாவல்களில் வருகிறார்கள். மூத்தவர் ஜோ லீப்ஹார்ன். சுவரில் வரைபடம் மாட்டி, குண்டூசி குத்திக் குத்தி யோசிக்கிறவர். பில்லி சூனியக் கதை காதில் விழுந்தாலே எரிச்சல்படுவார். 1980இல் வந்து சேர்ந்த இளையவர் ஜிம் சீ நேர்மாறு. போலீஸ் உத்தியோகத்தில் இருந்துகொண்டே, நோயும் தீட்டும் நீக்கும் சடங்குகளை நடத்தும் பாடகராக ஆசைப்பட்டு, தாய்மாமனிடம் பாட்டுகளைப் பாடம் கேட்கிறவர்.

இதில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. நவஹோ மரபில் சாவு என்பது கிட்டே போகக்கூடாத விஷயம். மனிதன் இறந்தால், அவனிடம் நல்லது அல்லாதது எது இருந்ததோ அது 'ச்சின்டி' என்ற ஆவியாக அங்கேயே தங்கிவிடும். பிணத்தைத் தொட மாட்டார்கள். இறந்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் கூப்பிட்ட மாதிரி. இப்படிப்பட்ட இடத்தில் கொலை வழக்கை எப்படி விசாரிப்பது? சாட்சி பெயரையே சொல்லமாட்டேன் என்கிறார். போலீஸ்காரருக்கே பிணத்தைப் பார்த்தால் உள்ளூர நடுக்கம்.

1984இல் வந்த 'தி கோஸ்ட்வே' நாவலைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்த நவஹோ ஆசாமி ஒருவன் துப்பாக்கிச் சண்டையில் குண்டடி பட்டு, மலையில் இருக்கும் உறவுக்காரக் கிழவர் ஒருவரின் 'ஹோகனு'க்கு ஓடுகிறான். ஹோகன் என்பது கிழக்கே வாசல் வைத்துக் கட்டும் குடில். உள்ளே யாராவது இறந்துவிட்டால் வடக்குச் சுவரை உடைத்துப் பிணத்தை அந்த வழியே எடுத்துவிட்டு, வீட்டையே விட்டுப் போய்விடுவார்கள். சீயும் எஃப்.பி.ஐ. ஆட்களும் போய்ப் பார்த்தால் ஹோகன் காலி, வடக்கே ஓட்டை. பக்கத்தில் பிணம். ஆசாமி செத்துப் போனான், கிழவர் வழக்கப்படி இடத்தைக் காலி செய்துவிட்டார் என்று எஃப்.பி.ஐ. முடிவு கட்டுகிறது. சரியாகத்தானே இருக்கு?

சீக்குச் சரியாகப் படவில்லை. மரபு தெரிந்த கிழவர், ஒருவன் சாகப்போகிறான் என்று தெரிந்தும் அவனை உள்ளேயே ஏன் கிடத்தி வைத்தார்? முன்னாலேயே வெளியே கொண்டுவந்து படுக்க வைத்திருந்தால் வீடு தப்பித்திருக்குமே! மற்ற முறைகளெல்லாம் செய்தவர், யுக்கா வேரின் நுரையால் பிணத்தின் தலைமுடியை மட்டும் ஏன் அலசவில்லை? ரத்தக்கறையும் கைரேகையும் சொல்லாததை அழுக்குத் தலைமுடி சொல்கிறது. மேலே என்ன ஆகிறது என்பதைச் சொல்லிப் படிப்பவர் சுவாரசியத்தைக் கெடுக்க மாட்டேன். அந்த வடக்கு ஓட்டை வழியாகத் தானே உள்ளே நுழைய வேண்டிய நிலைமை சீக்கு வருகிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

கிழவரின் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து காணாமல் போகிறாள். அவளைச் சீ தேடுவதும் குலத்தை வைத்துத்தான். நவஹோக்கள் தங்களை அறிமுகம் செய்யும்போது தாயின் குலத்தை முதலில் சொல்வார்கள், அப்புறம் தந்தையின் குலம். தன் குலத்தில் பெண் எடுப்பதில்லை. (இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை!) பேத்தியின் வான்கோழிக் குலத்தில் மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். தீட்டுக் கழிக்க ஆள் தேடினால் எங்கே போவாள் என்று கணக்குப் போட்டுச் சீ லாஸ் ஏஞ்சலஸ் வரை போகிறார். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில், பேச்சு சரியாக வராத வயோதிகரிடம் அவர் விசாரிக்கும் பகுதி எனக்குப் பிடித்தது. நவஹோ மரியாதைப்படி சீ குறுக்கே பேசுவதில்லை, அவசரப்படுத்துவதில்லை. அதனாலேயே விஷயம் கிடைக்கிறது. உறவே இல்லாதவன் போல நடப்பதுதான் நவஹோ பார்வையில் மனிதனுக்கு மிகப்பெரிய இழிவு. அந்தக் கண்ணோடு அந்த இல்லத்தைப் பார்த்தால் அதுவே கதையின் பெரிய குற்றம் போலத் தெரிகிறது.

ஹில்லர்மனிடம் குறைகளும் உண்டு. சீயின் காதல் விவகாரங்கள் நாவலுக்கு நாவல் இழுத்துக்கொண்டே போகும். அதைவிடப் பெரிய கேள்வி, வெளியாள் ஒருவர் பிறருடைய சடங்குகளைக் கதைக்குச் சரக்காக்கலாமா என்பது. பழங்குடி அறிஞர்கள் சிலர் இதைக் கண்டித்திருக்கிறார்கள். அந்தக் கண்டனத்தை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. ரகசியமாகக் காக்கப்படும் ஒன்று பேப்பர்பேக்காகக் கடையில் தொங்கினால் யாருக்கும் உறுத்தும். மறுபக்கம், நவஹோ அரசே 1987இல் அவரைத் 'தினேயின் தனிப்பெரும் நண்பர்' என்று சொல்லி விருது கொடுத்தது. நவஹோ பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இந்த நாவல்களைப் படிக்கக் கொடுத்தார்கள். நவஹோ நூலகர் ஒருவர் தம்மிடம் சொன்னதாக ஹில்லர்மனே ஒன்று சொல்வார்: பழங்குடி எழுத்தாளர்களைப் படித்தால் 'ஆமாம், இது நாம்தான்' என்று தோன்றுகிறது, உங்கள் புத்தகத்திலும் நாம்தான், ஆனால் இதில் நாம் ஜெயிக்கிறோம் என்று.

அவர் மகள் ஆன் ஹில்லர்மன் 2013 முதல் அதே பாத்திரங்களை வைத்து நாவல்கள் எழுதினார். 2022இல் 'டார்க் விண்ட்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரும் வந்தது. ஆனால் முதலில் புத்தகம்தான் படிக்க வேண்டும். 'தி கோஸ்ட்வே'யில் ஆரம்பித்து, லீப்ஹார்னும் சீயும் முதன்முதலாகச் சேர்ந்து வரும் 'ஸ்கின்வாக்கர்ஸ்' (1986), அதன் பிறகு 'எ தீஃப் ஆஃப் டைம்' (1988) என்று போகலாம். கடைசியாகச் சொன்னதில் லீப்ஹார்ன் மனைவியை இழந்து நிற்கிறார். ஆவியை நம்பாத மனிதர் அந்தத் துக்கத்தை எப்படிச் சுமக்கிறார் என்பதை, கொலையை மறந்துவிட்டு, தனியாக ஒருமுறை படிக்கலாம்.