லாரியின் தாகம்

கன்னிவாடியிலிருந்து தருமத்துப்பட்டி வழியாக ஆடலூர், பன்றிமலைப் பக்கம் ஏறும் மலைச்சாலையில் சென்றவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருக்கக்கூடும். வளைவுக்குச் சற்று முன்னால் பழைய லாரி ஒன்று நிற்கிறது. முகப்பிலிருந்து ஆவி பொங்குகிறது. பின்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்திருக்கிறார்கள். கிளீனர் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடையைத் தேடிப் போயிருக்கிறார். "தண்ணீர் குறைந்துவிட்டது" என்கிறார் ஓட்டுநர். எங்கே குறைந்தது, ஏன் குறைந்தது என்பதே, மாணவர்களே, இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பொருள்.

டீசலில் அடங்கிய வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. ஒரு பெரும் பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சியதைச் சுமந்து செல்லும் பொறுப்பு நீருடையது. பம்பு அந்த நீரை உருளைகளைச் சுற்றி ஓடச் செய்கிறது. பிறகு அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கிக் காற்றில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரும்புகிறது. மேட்டில் ஏறும்போது யந்திரம் மிகுதியாக உழைக்கிறது. வண்டியோ மெல்ல நகர்வதால் எதிர்க்காற்று குறைகிறது. சமவெளியில் மறைந்திருந்த சிறு குறை மலையில் வெளிப்படுவது இதனாலேயே.

ரேடியேட்டரின் மூடியைச் சாதாரண மூடி என்று எண்ணிவிடக் கூடாது. அதனுள் இருக்கும் வில், குறிப்பிட்ட அழுத்தம் வரை ஆவியைத் தடுத்து நிறுத்துகிறது. காற்றழுத்தத்துக்கு மேல் அரைமடங்கு அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 111 பாகை செல்சியசுக்கு உயர்கிறது. மூடி இல்லையேல், கொடைக்கானல் உயரத்தில் நீர் 93 பாகையளவிலேயே கொதித்துவிடும். எனவே மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தாலே போதும், வேறெங்கும் ஓட்டையில்லாமல் நீர் குறைந்துகொண்டே வரும். பெரிய செலவில் இறங்குமுன் மூடியைப் பார்ப்பதே முறை.

சூடான நிலையில் அந்த மூடியைத் திறப்பதைப் போன்ற பேதைமை வேறில்லை. அழுத்தம் நீங்கிய கணத்தில் நூறு பாகைக்கு மேலிருக்கும் நீரின் ஒரு பகுதி ஆவியாகச் சீறி எழும். ஒரு கிராம் ஆவி தோலில் பட்டு நீராகும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தை விடுகிறது. மறைவெப்பம் என்று பாடத்தில் படிப்பது இதுதான். பெரும்பாலும் அது குனிந்து பார்க்கும் கிளீனரின் முகத்தில்தான் படுகிறது. மேல் குழாயைக் கையால் தொட முடிகிற அளவுக்குச் சூடு தணியும் வரை காத்திருக்க வேண்டும். கொதிக்கும் யந்திரத்தில் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் ஆகாது. வார்ப்பிரும்பு திடீரெனச் சுருங்கி வெடிப்பு விடக்கூடும்.

இன்னோர் அபாயம் உண்டு. அனுபவசாலிகளையும் அது ஏமாற்றிவிடும். வெப்பமானியின் உணர்முனை நீரில் மூழ்கியிருக்கும் வரைதான் சரியாகச் சொல்லும். நீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், முள் ஏறாமல் நிற்பதும், ஏறிய முள் இறங்குவதும் உண்டு. "சூடு தணிந்துவிட்டது" என்று நம்பி ஓட்டினால் பிஸ்டன் உருளையிலே இறுகிப்போகும். உரிமையாளருக்கு அது பல மாத வருமானம். ஓட்டுநருக்கோ வேலையே போகலாம்.

இனி ஒழுக்கைத் தேடுவோம். யந்திரம் ஆறியிருக்கும்போது நீரை நிரப்பி, அழுத்தமானி பொருத்திய கைப்பம்பினால் மூடிக்குரிய அளவு அழுத்தம் ஏற்றிக் காத்திருக்க வேண்டும். முள் இறங்கினால் கசிவு இருப்பது உறுதி. ஓடும் யந்திரத்தில் தேடினால், சொட்டு சூடான இரும்பில் உலர்ந்து மறைந்துவிடும். விசிறிக் காற்றும் அதை வேறிடத்துக்குத் தள்ளிவிடும். தரையில் ஈரம் உள்ள இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று முடிவு கட்டக் கூடாது. வெண்மையாகவோ துருநிறமாகவோ படிந்த கறையே நல்ல சாட்சி. ரப்பர்க் குழாய்களின் முனைகளையும், காலிக்கும் திருகையும் பாருங்கள். தண்ணீர்ப் பம்பின் அடியில் வேண்டுமென்றே விட்டிருக்கும் சிறு துளையில் நீர் வழிந்தால், உள்ளே அடைப்பு வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள். அத்துளையை அடைத்துவிடுவோர் உண்டு. அப்போது நீர் தாங்கிக்குள் புகுந்து பம்பையே கெடுத்துவிடும்.

வெளியே ஒன்றும் தென்படாமல் நீர் குறைகிறதா? உருளைத் தலைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட்டை ஐயுற வேண்டும். ஆறிய யந்திரத்தில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு இயக்கினால் நீரில் இடைவிடாமல் குமிழிகள் எழும். புகை வெளுத்து வரும். எண்ணெய் பால் கலந்த காபிபோல் இருக்கும். அத்தகைய வண்டியை நகர்த்தாமல் பட்டறைக்காரரை அழைப்பதே அறிவு.

குழாய் வெடித்திருந்தால் மாற்றிவிடலாம். 1955-இல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறிய அசோக் மோட்டார்ஸின் லாரிகளும், 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் உருவான டாட்டா-பென்ஸ் லாரிகளும் ஓடிய காலத்தில் செம்பும் பித்தளையும் கொண்ட ரேடியேட்டர்களே வழக்கம். அவற்றில் ஓட்டை விழுந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து பற்றாசு வைத்து அடைத்துவிடலாம். அலுமினிய உடலும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்ட பிற்கால வகைக்கு இவ்வைத்தியம் பலிக்காது. மஞ்சள்தூளைக் கொட்டி ஒழுக்கை நிறுத்தும் பழக்கமும் ஓட்டுநர்களிடம் உண்டு. ஊர்போய்ச் சேர அது உதவலாம். ஆனால் ஓட்டையை அடைக்கும் தூள் நல்ல குழாயையும் அடைக்கும்.

கிணற்று நீரின் கடினத்தன்மையை இங்கே மறக்கலாகாது. அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கார்பனேட்டாகப் படிகிறது. பாத்திரத்தின் அடியில் காணும் அதே வெள்ளைப் படிவுதான். அது வெப்பத்தைக் கடத்தாது. சில சமயம் அப்படிவே ஓட்டையை மூடிக்கொண்டிருக்கும். ரேடியேட்டரைக் கழுவிய மறுநாள் ஒழுகத் தொடங்கும். கழுவியவர் கெடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போவது நியாயமன்று.

தாதுநீக்கிய நீரில் எத்திலீன் கிளைக்கால் கலந்த குளிர்விப்பானை ஊற்றினால் படிவும் துருவும் குறையும். கொதிநிலையும் சற்று உயரும். பனி உறையாத நம் சமவெளிக்கும் இக்கலவை தேவைப்படுவது அதனால்தான். ஆனால் அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு; நாயும் ஆடும் நக்கிப் பார்க்கும். பட்டறை வாசலில் அதைக் கொட்டாமல், மூடியுள்ள கலத்தில் பிடித்து வைக்க வேண்டும்.