உங்களுக்குத் தெரியுமா? பத்திரிகை மேசையிலிருந்து இயக்குநர் நாற்காலிக்கு

சிவகங்கை மாவட்டத்துக் காளையார்கோவில் கோயிலுக்கு எதிரேதான், ஆங்கிலேயரை எதிர்த்த மருது சகோதரர்களின் சமாதி. அவர்கள் கதையை 'சிவகங்கைச் சீமை' (1959) என்று படமாகத் தயாரித்து, வசனமும் பாட்டும் எழுதியவர் கண்ணதாசன். அதே மாவட்டத்துச் சிறுகூடல்பட்டிக்காரர். 'திருமகள்' பத்திரிகை ஆசிரியராக இருந்து சினிமாவுக்கு வந்தவர், 'தென்றல்' நடத்தியவர். கல்லக்குடிப் போராட்டத்தில் அவர் சிறைக்குப் போய்விட, அவர் வசனம் எழுதிய 'இல்லற ஜோதி' படத்தின் அனார்கலி நாடகப் பகுதியைக் கருணாநிதி எழுதிக் கொடுத்தார்.

ஆனால் இயக்குநர் நாற்காலி வரை போனது கவிஞரல்ல, அண்ணன் மகன் பஞ்சு அருணாசலம். 'தென்றல்' பத்திரிகையில் வேலை. பிறகு சித்தப்பா சொல்லச் சொல்ல பாட்டை எழுதியெடுக்கும் உதவியாளர். பாட்டின் நெளிவு சுளிவைப் படிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்குமா?

1976இல் 'அன்னக்கிளி'. திரைக்கதை, வசனம், பாட்டு மூன்றும் பஞ்சு. பண்ணைப்புரத்து ராசையாவை இசையமைப்பாளராக்கியே தீருவேன் என்று நின்றவரும் அவர்தான். ஏற்கெனவே ஏ.எம்.ராஜா இருந்ததால், 'ராஜா'வுக்கு முன்னால் 'இளைய' சேர்த்துப் பெயர் வைத்தார். காரைக்குடி எஸ்.பி.முத்துராமனுக்கு 'ஆறிலிருந்து அறுபது வரை' (1979), 'முரட்டுக்காளை' (1980) என்று எழுதிக் குவித்தார். 'மணமகளே வா' (1988), 'புதுப்பாட்டு' (1990) அவரே இயக்கியவை; இரண்டுக்கும் இசை இளையராஜா. இயக்குநரைவிட எழுத்தாளர் பஞ்சுவே உசத்தி என்பது என் கட்சி.

இப்படிப் பத்திரிகையிலிருந்து இயக்குநரானவர் அமெரிக்காவிலும் ஒருவர் உண்டு. 'ரோலிங் ஸ்டோன்' இசைப் பத்திரிகைக்குப் பதின்ம வயதிலேயே எழுதிய கேமரூன் க்ரோ, அந்த அனுபவத்தையே 'ஆல்மோஸ்ட் ஃபேமஸ்' (2000) என்று இயக்கி, திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கினார்.