அந்தமான் போகிறீர்களா? அந்த லிஸ்ட்டை முதலில் காட்டுங்கள்!

"டாக்டர் ஸார், குடும்பத்தோட அந்தமான் போறோம். அப்பாவுக்கு ஒரு தடவை நாடி பார்த்துச் சொல்லிட்டீங்கன்னா நிம்மதியா கிளம்பிடுவோம்."

இப்படிச் சொல்லிக்கொண்டு ஒரு குடும்பம் என் கிளினிக்குக்கு வந்தது. பெரியவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது 67. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. ரத்தக்கொதிப்புக்குத் தினமும் காலையில் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார். அவர் மனைவிக்கு மூட்டுவலி. கூடவே மகன், மருமகள், இரண்டாம் வகுப்புப் படிக்கிற பேரன்.

நாடி பார்த்தேன். பி.பி.யும் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. "எங்கெங்கே போறதா ப்ளான்?" என்று சும்மாதான் கேட்டேன். மகன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஐந்து ராத்திரி, ஆறு பகல், பதினாலு இடம்! படிக்கப் படிக்க எனக்குப் படபடப்பு வந்துவிட்டது.

முதல் நாள் விடியற்காலை விமானம். அதற்காக ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்திருக்க வேண்டும். இறங்கின கையோடு செல்லுலர் சிறை, பிறகு கடற்கரை, இரவு ஒலி-ஒளிக் காட்சி. மறுநாள் அதிகாலை மூன்று மணிக்குப் பாராடாங் தீவுப் பயணம். மூன்றாம் நாள் காலை கப்பல். கடைசி நாள் காலையில் ஸ்கூபா டைவிங், மத்தியானம் சென்னைக்கு விமானம்.

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், இருமல், தும்மல்... இப்படி உடம்பு தானாகக் கேட்கிற பதினாலு விஷயங்களை அடக்கக் கூடாது. அடக்கினால் வியாதி வரும் என்பது எங்கள் நூல்கள் சொல்வது. பாளையங்கோட்டையில் படிக்கும்போது மனப்பாடம் செய்தது. இந்தத் தாளைப் பாருங்கள். இரண்டாம் நாள் ஒன்றிலேயே தூக்கம், பசி, தாகம், சிறுநீர் என்று நாலையும் அடக்கச் சொல்கிறது! காசு கொடுத்து வாங்கிக்கொள்கிற கஷ்டம்.

"ஐயா, உங்க உடம்பு நல்லா இருக்கு. இந்த லிஸ்ட்டுக்குத்தான் வைத்தியம் பார்க்கணும்" என்றேன். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு!

அந்தமானுக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் அந்தத் தீவுகள் சென்னைக்கு ஏறக்குறைய 1350 கிலோமீட்டர் கிழக்கே இருக்கின்றன. அதனால் சூரியன் அங்கே சுமார் 50 நிமிடம் முன்னாலேயே வந்துவிடுகிறது. நம் ஊர் உச்சி வெயில் பன்னிரண்டு மணியை ஒட்டி என்றால், அங்கே பதினொன்றேகாலை ஒட்டி. டிசம்பர், ஜனவரியில் மாலை ஐந்து, ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

இது தெரியாமல் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? லீவுதானே என்று எட்டு மணிக்கு எழுந்து, பூரி, மசால் தோசை என்று ஒரு பிடி பிடித்துவிட்டு, பத்து மணிக்குக் கடற்கரைக்குப் போகிறார்கள். அந்தப் பத்து மணி நம் ஊர்ப் பதினொரு மணி வெயில். மேலே வெயில், கீழே வெள்ளை மணலும் தண்ணீரும் திருப்பி அடிக்கிற வெளிச்சம். நல்ல காற்று வேறு வீசுவதால் சூடே தெரியாது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். ராத்திரிதான் முதுகு எரியும், தலை கனக்கும், சிறுநீர் மஞ்சளாகச் சுருக்கென்று போகும். பித்தம் ஏறிவிட்டது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். நீர்ச்சத்து குறைந்துவிட்டது என்று ஆங்கில மருத்துவர் சொல்வதும் இதைத்தான்.

நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது முதுகு எரிச்சலோடு நிற்காது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றி விழலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பயணத்தைச் சொல்லி, எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே நாளை இப்படி வெட்டிக்கொள்ள வேண்டும். ஐந்தரைக்கு எழுந்து, ஆறரையிலிருந்து ஒன்பது வரை கடல். ஒன்பதரையிலிருந்து மூன்று வரை நிழல், சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். மூன்றரைக்கு மேல் மறுபடி வெளியே. ஏழு மணிக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுக்கை. "அப்ப பாதி நாள் வேஸ்ட்டா?" என்றார் மருமகள். இல்லை அம்மா, அந்தப் பாதி நாள்தான் விடுமுறை!

கடலில் குப்புற மிதந்து பவளப்பாறை பார்க்கும்போது முதுகும் கெண்டைக்காலும்தான் வெந்துபோகும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டே இறங்குங்கள். தோல் கன்றிப்போனால் குளிர்ந்த தண்ணீர்த் துணி, பிறகு சோற்றுக்கற்றாழைச் சோறு. வெந்த இடத்தில் எண்ணெய் தடவாதீர்கள். கிளம்புவதற்கு முதல் நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் வேண்டாம். குளித்த உடம்புக்கு ஓய்வு வேண்டும், அலைச்சல் ஆகாது.

மூன்று மணிக்கு எழுப்பும் பாராடாங்

சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை, சதுப்புக் காட்டுக்குள் படகுச் சவாரி - பாராடாங் அழகான இடம்தான். ஆனால் வழி ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டுக்குள் போகிறது. குறிப்பிட்ட நேரங்களில்தான் வண்டிகளை வரிசையாக, காவலோடு விடுவார்கள். காலை ஆறு மணி வாக்கில் முதல் வரிசை. அதைப் பிடிக்கத்தான் அந்த மூன்று மணிப் புறப்பாடு. காட்டுக்குள் வண்டி நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது, அந்த மக்களைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம். நியாயமும் அதுதான். அவர்கள் வீட்டு வாசல் வழியாக நாம் போகிறோம், வேடிக்கை பார்க்க அல்ல.

காலையில் மாத்திரை போட்ட பெரியவர் அந்த வழியில் என்ன செய்வார்? அடக்குவார். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவார். படகு இறங்கிக் குகைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை வேறு. அம்மாவின் மூட்டுக்கு ஆகாது. பாராடாங்கை அடித்தேன். கர்ப்பிணிகளும் இதை விட்டுவிடுவது நல்லது.

ஸ்கூபாவும் சோடா பாட்டிலும்

மகனிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருந்தது. "தம்பி, காலையில முங்கிட்டு மத்தியானம் ஃப்ளைட் ஏறவே கூடாது" என்றேன். அவருக்கு யாரும் சொல்லவில்லையாம்.

விஷயம் இதுதான். கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு மெதுவாக, மூச்சு வழியே வெளியேறும். அதற்கு நேரம் வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால்? விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு, ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருப்பது போல. மூடியைத் திறந்த சோடா பாட்டிலில் குமிழி கிளம்புகிறது இல்லையா? அதே மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பலாம். மூட்டுவலியிலிருந்து கைகால் செயலிழப்பு வரை கொண்டுவிடும்.

ஒரே முறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை மூழ்கினால் 18 மணி நேரம் இடைவெளி என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. நான் முழுசாக ஒரு நாள், 24 மணி நேரம் என்றே சொல்கிறேன்.

ஜலதோஷம் இருந்தால் அன்று முங்க வேண்டாம். மூக்கடைத்த நிலையில் இறங்கினால் காதுச் சவ்வு கிழியலாம். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காதில் சீழ் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. அங்கே ஒரு படிவம் கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு இறங்குகிற நம் பழக்கம் இதில் மட்டும் வேண்டாம். பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஸ்கூபாவே கிடையாது. பேரனுக்குக் கண்ணாடி அடிப்பாகம் வைத்த படகு போதும். மீன் நன்றாகத் தெரியும்.

என் அண்ணன் கால்

இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 2014-ல் நானும் என் அண்ணனும் குடும்பத்தோடு போயிருந்தோம். நீல் தீவில் இயற்கையாகவே அமைந்த ஒரு பாறைப் பாலம் உண்டு. கடல் உள்வாங்கும் நேரத்தில்தான் நடந்து போய்ப் பார்க்க முடியும். வழியெல்லாம் பாறையும் செத்த பவளமும். அண்ணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அவருக்கு இருபது வருஷச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு. சுண்டுவிரல் ஓரம் கீறியது அவருக்கே தெரியவில்லை. மூன்றாம் நாள் காலுறையில் ரத்தக்கறையைப் பார்த்து அண்ணிதான் கத்தினார்.

"ஒண்ணுமில்லடா, மஞ்சள் வச்சா சரியாயிடும்" என்றார். நானும் ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று கழுவிக் கட்டோடு விட்டுவிட்டேன். ஊர் வந்தபோது சீழ் எலும்பு வரை போயிருந்தது. நாலாவது வாரம் விரலை எடுத்தார்கள். எங்கள் மத்தன் தைலம் சர்க்கரைப் புண்ணுக்கு நல்ல மருந்துதான். ஆனால் சீழ் எலும்பைத் தொட்டுவிட்டால் அறுவை மருத்துவர்தான் வழி. வைத்தியனான தம்பி பக்கத்தில் இருந்தும் ஒரு விரல் போயிற்று. ராத்திரி படுக்கும் முன் அவர் பாதத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கலாம்.

சர்க்கரைக்காரர்கள் மணலிலும் கடலிலும் ரப்பர் அடி வைத்த, விரல் மூடிய செருப்போடுதான் நடக்க வேண்டும். தினம் இரவு யாராவது ஒருவர் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பவளம் கீறினால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே டாக்டரிடம் காட்டி டி.டி. ஊசி தேவையா என்று கேளுங்கள். பெரிய அரசு மருத்துவமனை தலைநகரில்தான் இருக்கிறது. சின்னத் தீவில் ராத்திரி எது நடந்தாலும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். இதையும் மனசில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

புதுத் தாள்

கடைசியில் இப்படி மாற்றினோம். முதல் நாள் ஸ்ரீ விஜயபுரத்தில் (போர்ட் பிளேருக்கு 2024-ல் வைத்த பெயர்) இறங்கிச் சாப்பிட்டுத் தூக்கம். சாயங்காலம் கடலோரம் ஒரு நடை, அவ்வளவுதான். மறுநாள் கப்பலில் ஹேவ்லாக். 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர். அங்கேயே மூன்று ராத்திரி. ராதாநகர் கடற்கரை மேற்கே பார்த்தது, சூரியன் மறைவது அங்கே அழகு. நாலு மணிக்குள் போய்விட வேண்டும். அடுத்த நாள் காலையில் யானைக் கடற்கரைக்குப் படகில். நடந்தும் போகலாம், சேற்று வழி, பெரியவர்களுக்கு வேண்டாம். நாலாம் நாள் காலை மகனுக்கு ஸ்கூபா. ஐந்தாம் நாள் தலைநகர் திரும்பிச் செல்லுலர் சிறை. 1906-ல் கட்டி முடித்த கட்டடம். ஏழு கிளைகளில் இப்போது மூன்றுதான் இருக்கின்றன. படிகள் உண்டு, அம்மா கீழேயே உட்காரலாம். ஆறாம் நாள் விமானம்.

கடைசி ராத்திரி தலைநகரில் தங்குவது ஸ்கூபாவுக்காக மட்டுமல்ல. கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். கடைசி நாள் காலைக் கப்பலை நம்பி விமான டிக்கெட் எடுத்தவர்கள் துறைமுகத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதி. மே முதல் மழைக்காலம்.

கப்பலில் வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், எண்ணெய்ப் பலகாரத்தோடும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். நடுப்பகுதியில் உட்கார்ந்து தூரத்துத் தொடுவானத்தைப் பாருங்கள், செல்போனைப் பார்க்காதீர்கள். இஞ்சித் துண்டும் ஏலக்காயும் வாயில் அடக்கிக்கொண்டால் பலருக்குக் கேட்கும். கேட்காதவர்கள் டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோசனமில்லை. தூக்கம் வரும், தெரிந்துகொள்ளுங்கள்.

பையில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட், சுக்குப் பொடி, நெல்லி வற்றல். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், விமானத்தின் அடியில் போகிற பெட்டியில் அல்ல. இளநீர் தாராளமாகக் குடிக்கலாம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் தவிர. அதில் பொட்டாசியம் அதிகம்.

முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் வேடிக்கையாக எடுக்காதீர்கள். 2010-ல் ஹேவ்லாக்கிலேயே ஒரு வெளிநாட்டுப் பெண் முதலைக்கு இரையானார். சாயங்காலம் மணல் ஈ கடிக்கும். முழுக்கால் பேண்ட் போதும்.

எல்லாம் எழுதி முடித்ததும் பெரியவர், "டாக்டர், பதினாலு இடம் ஆறாயிடுச்சே" என்று சிரித்தார். பேரனுக்கு வேறு கவலை. சிப்பி பொறுக்கலாமா என்று கேட்டான். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடு, பவளத்தை எடுத்து வருவது சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைச் சோதித்துப் பிடுங்கிவிடுவார்கள் என்றேன். முகம் வாடிவிட்டது.

ஒன்று மட்டும் வாசலில் நிறுத்திச் சொன்னேன். திரும்பி வந்து சில வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், கஷாயம் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் எதுவாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். "அந்தமான் போய் வந்தோம்" என்று டாக்டர் கேட்காமலே சொல்லுங்கள்.