தீபாவளி லீவில் யாழ்ப்பாணம்... கப்பல் ஓடுமா?

பெருமாநல்லூர் பக்கம் நீண்ட லீவு என்றால் தீபாவளிதான். போனஸ் கைக்கு வந்து பனியன் கம்பெனிகள் பூட்டிவிட்டால், ஒரு வாரத்துக்கு ஊரே ஓய்வெடுக்கும். ‘நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் விடுகிறார்களாமே, காரோடு யாழ்ப்பாணம் போய் வரலாமா?’ என்று யோசிக்கிறீர்களா? முதலில் இரண்டு விஷயம்.

ஒன்று, அந்தக் கப்பலில் கார் ஏறாது, ஆட்கள் மட்டும்தான். இன்னொன்று, தீபாவளி சமயத்தில் கப்பலே ஓடாமல் போகலாம். 2023 அக்டோபர் 14-ல் தொடங்கிய சேவை, வடகிழக்குப் பருவமழை காரணமாக அதே மாதம் 20-ம் தேதியோடு நின்றது. 2024 ஆகஸ்ட் 16-ல் ‘சிவகங்கை’ கப்பலுடன் மறுபடி தொடங்கி, நவம்பரில் நின்று, 2025 பிப்ரவரியில்தான் திரும்ப ஓடியது.

அதனால் லீவைப் பார்த்துக் கப்பல் தேடாதீர்கள். கப்பலைப் பார்த்து லீவு கேளுங்கள். பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் குண்டம் முடிந்து, பிள்ளைகளுக்குப் பரீட்சையும் முடிந்த பிறகு ஏப்ரல், மே நல்ல நேரம். (ஷிப்மென்ட் நெருக்கடி இருந்தால் முதலாளி என்ன சொல்வார் என்பது உங்கள் பாடு!)

காங்கேயம், கரூர், திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் சுமார் 300 கிலோமீட்டர். கப்பல் காலையில் கிளம்புவதால் முந்தின நாளே போய், நாகையிலோ வேளாங்கண்ணியிலோ தங்கிவிடுங்கள். ராத்திரி முழுக்க காரோட்டி, விடிகாலையில் இமிக்ரேஷன் வரிசையில் நிற்பது பெரியவர்களுக்கு ஆகாது. பாஸ்போர்ட்டும், இணையத்தில் எடுக்கும் இ.டி.ஏ. அனுமதியும் ஆளுக்கு ஒன்று வேண்டும்.

காங்கேசன்துறையில் இறங்கியதும் டிரைவரோடு வேன் பிடிப்பதே சுலபம். இடது பக்கம் ஓட்டும் நாடுதான் என்றாலும், நம் லைசென்ஸுக்கு அங்கே தனி அங்கீகாரம் வாங்க வேண்டும்.

வண்டியோடு தண்ணீரைக் கடக்கும் ஆசை இனிமேல்தான் நிறைவேறும். நாம் தரையில் நடப்பதைப் பாதை என்போம்; இலங்கைத் தமிழர்கள் வண்டிகளை ஏற்றிச்செல்லும் மிதவையையும் ‘பாதை’ என்கிறார்கள். காரைநகரில் பாதை ஏறினால் ஊர்காவற்றுறை. அங்கிருந்து வேலணை, புங்குடுதீவு தாண்டி குறிகட்டுவான். வேனை அங்கே விட்டுவிட்டு, படகில் நயினாதீவு நாகபூசணி அம்மனைப் பார்த்து வரலாம். உங்கள் வேன் பாதையில் ஏறுமா என்று டிரைவரிடம் முன்பே கேளுங்கள். ஏறாவிட்டால் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை வழியாகத் தரைச் சாலை இருக்கிறது.

நாள் இருந்தால் கிழக்கே போகலாம். திருகோணமலை - மட்டக்களப்பு சாலையை முன்பெல்லாம் பாதை மாற்றிப் பாதை ஏறித்தான் கடக்க வேண்டும். 2009-ல் கிண்ணியா பாலம் திறந்தார்கள். மற்ற துறைகளிலும் பாலம் வந்துவிட்டது. பழைய அனுபவம் வேண்டுமென்றால் களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில் குருமண்வெளிக்குப் போங்கள். அங்கே பாதை ஏறி வாவியைக் கடந்தால், சின்னக் கதிர்காமம் என்கிற மண்டூர் முருகன் கோயில்.

பாதை ஒன்று தவறினால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். கப்பல் அப்படியல்ல, எல்லா நாளும் ஓடாது, கடல் சரியில்லை என்றால் ரத்தாகும். லீவு முடிய இரண்டு நாள் மிச்சம் வைத்துத் திரும்புங்கள். அவசரமென்றால் பலாலியிலிருந்து திருச்சிக்கு 2025-ல் தொடங்கிய விமானம் இருக்கிறது. ஆனால் உங்கள் கார் நாகப்பட்டினத்தில் நிற்குமே! திருச்சியில் இறங்கி, பஸ் ஏறிப் போய் அதை எடுத்துவர இன்னொரு நாள் வேண்டும்.