புருனோ முனாரியும் பயனற்ற இயந்திரங்களும்

ஓவியந் தீட்டுவோன் கலைஞன், விளக்குஞ் சாம்பற்கிண்ணமும் ஆக்குவோன் கம்மியன் என இருவரையும் வெவ்வேறு பந்தியில் இருத்தி நோக்கும் வழக்கம் மேனாட்டில் நெடுங்காலம் நிலவியது. முன்னவன் ஆக்கத்துக்குக் கலைக்கூடம், பின்னவன் ஆக்கத்துக்குக் கடை. இப்பிரிவினையை ஏற்காது வாழ்ந்தவருள் இத்தாலிய நாட்டுப் புருனோ முனாரி தலையாயவர். ஓவியர், சிற்பி, நூலாசிரியர், அச்சுருவமைப்பாளர், விளையாட்டுப்பொருள் ஆக்குநர், ஆசிரியர் என அவருக்குரிய பெயர்கள் பல. பல துறையிற் கைவைத்தமை மட்டுமே ஒருவர்க்குப் பெருமையாகிவிடாது. அத்துறைகள் அனைத்திலும் அவர் தேடியது ஒன்றே என்பதுதான் கருதற்பாலது.

முனாரி 1907 ஆம் ஆண்டு மிலான் நகரிற் பிறந்தார். இளமைப் பருவம் பாடியா பொலேசினே என்னுஞ் சிற்றூரிற் கழிந்தது. பெற்றோர் அங்கே விடுதி நடாத்தினர். அவ்வூரருகே அடிகே ஆற்றின் ஓட்டத்தாற் சுழன்ற பழைய மரத் தண்ணீராலை சிறுவனின் கண்ணைக் கவர்ந்தது. பிற்காலத்தில் அதனைத் தம் இளமைக்கால இயந்திரமெனப் போற்றி எழுதினார்.

இளைஞராய் மிலானுக்கு மீண்டவர், மரினெற்றி தலைமையில் இயங்கிய எதிர்காலவாதக் குழுவினருடன் சேர்ந்தார். வேகத்தையும் இயந்திரத்தையும் போரையுங்கூட வாழ்த்திய குழு அது. பாசிச ஆட்சியோடு அதற்கிருந்த உறவு மறைத்தற்குரியதன்று. எனினும் அக்குழுவினர் மோட்டார்களின் உறுமலைப் பாடிக்கொண்டிருக்க, முனாரி 1930களின் தொடக்கத்தில் ஓசையே எழுப்பாத இயந்திரங்களை ஆக்கலானார். வண்ணந்தீட்டிய மட்டைத் துண்டுகளையும் மெல்லிய மரச்சலாகைகளையும் பட்டுநூலாற் பிணைத்து முகட்டிலிருந்து தொங்கவிட்டார். மனிதர் நடக்க எழுங் காற்றே அவற்றைச் சுழற்றப் போதியது. இவற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘பயனற்ற இயந்திரங்கள்’ என்பது. ஏனைய இயந்திரங்களைப்போற் பண்டம் விளைப்பதில்லை, முதலைப் பெருக்குவதில்லை, ஆதலின் அப்பெயர். கண்டவர் நகைத்தனர். ஆயினும் அவற்றின் ஒவ்வொரு துண்டும் ஏனைய துண்டுகளோடு அளவொப்புடையதாய்க் கணித்து வெட்டப்பட்டதாகும். சட்டகத்துள் அசைவற்றுக் கிடந்த வண்ணமும் வடிவமும் வெளியில் இறங்கி நடமாட வேண்டுமென்பதே அவர் நோக்கம். அக்காலத்தையொட்டியே அமெரிக்கராகிய கால்டரும் அசையுஞ் சிற்பங்களை ஆக்கினார். அவருடையவை மரக்கிளையையும் இலையையும் நினைவூட்டுவன, முனாரியினுடையவை கேத்திரகணிதத்தை.

1945 இல் தம் சிறு மகனுக்காக அவர் ஆக்கிய படநூல்களை மொண்டடோரி பதிப்பகம் வெளியிட்டது. இவ்வழியில் அவர் எட்டிய உயரத்தை 1956 இல் வந்த இரவுபற்றிய நூலிற் காணலாம். கருங்கடதாசியில் ஒரு சிறு துளை. அதனூடே தொலைவில் மினுங்கும் ஒளி பக்கந்தோறும் தொடர்கின்றது. புல்வெளி வருமிடத்து ஒளிகசியுங் கடதாசி, குகை வருமிடத்துக் கரடான சாம்பனிறக் கடதாசி. 1968 இல் வந்த மிலான் மூடுபனிபற்றிய நூலிலோ ஒளிகசியுங் கடதாசியே பனியாகின்றது. ஒரு தாளைப் புரட்டினால் அடுத்த உருவம் மங்கலிலிருந்து வெளிப்படும். பனியைக் கடந்தால் வண்ணமயமான சேர்க்கசுக் கூடாரம். வீடு திரும்புகையில் மீண்டும் பனி. இங்கே கடதாசி கதையைத் தாங்கும் ஏடு மட்டுமன்று. கதையின் ஒரு பகுதியுமாகும். எழுத்தே இல்லாது தாளும் வெட்டும் நிறமுமே கொண்ட ‘வாசிக்கவியலா நூல்களை’ 1949 முதல் அவர் ஆக்கிவந்ததும் இதே நோக்கிலேதான்.

ஓவியத்துறையில் 1948 இல் சொல்டாற்றி, டோர்பிளசு, மொனே ஆகியோருடன் கூடித் தூலக்கலை இயக்கத்தை நிறுவினார். பேசும் முட்கரண்டிகள் என அவர் வளைத்துக் காட்டிய கைவிரற் சைகைகளை வெறும் வேடிக்கையென்று தள்ளுவாரை முற்றாகக் குறைகூறுதலும் இயலாது. நகைச்சுவை சிலவிடத்து அவரை எல்லை மீறச் செய்ததுண்டு.

ஆனால் 1964 இல் அவர் டனேசே நிறுவனத்துக்கு ஆக்கிய போக்லாந்து விளக்கின்முன் இக்குறை எடுபடாது. காலுறை நெய்யும் ஆலைக்குச் சென்று, இங்கு விளக்குச் செய்வீர்களா என அவர் வினவியதாகவும், அவர்கள் மறுத்ததாகவும், இனிச் செய்வீர்கள் என இவர் மொழிந்ததாகவும் அவரே எழுதியுள்ளார். காலுறைத் துணியாலான நீண்ட குழாயுள் வெவ்வேறு விட்டமுடைய உலோக வளையங்கள், அவ்வளவே. தொங்கவிட்டவுடன் வளையங்களின் பாரம் கீழிழுக்க, துணியின் இழுவை அதனை எதிர்க்க, பருத்துஞ் சிறுத்துஞ் செல்லும் வளைவுகள் தாமே அமைகின்றன. ஒருவரும் அவ்வளைவை வரையவில்லை. இறக்கினால் அவ்வளவும் மடங்கித் தட்டையான சிறு பெட்டியுள் அடங்கும். முகட்டிலிருந்து தொங்கிய பயனற்ற இயந்திரமே முப்பதாண்டு கழித்து ஒளிதந்து நிற்கின்றது எனலாம். பயனற்றதென்று நகைக்கப்பட்ட ஆராய்ச்சி இன்றேல் இப்பயன்படு பொருளும் இல்லை.

நுரை இறப்பருள் கம்பி பொதிந்து அவர் ஆக்கிய சீசீ என்னுங் குரங்குப்பொம்மை, எப்படி வளைத்தாலும் அப்படியே நிற்பது. 1954 இற் பொற்கவராயப் பரிசு பெற்றது. கட்டில், மேசை, இறாக்கை யாவும் ஒன்றாயமைந்த உருக்குக் கம்பிச் சட்டகமொன்றைக் குழந்தைகளுக்காக 1971 இல் அமைத்து, அதற்கும் 1979 இல் அப்பரிசினையே பெற்றார்.

1967 இல் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்திற் காட்சித் தொடர்பு பற்றிக் கற்பித்தார். 1977 இல் மிலானின் பிரேரா ஓவியக்கூடத்தில் சிறுவர்க்கான பட்டறையைத் தொடங்கினார். பழம்பெரும் ஓவியங்கள் தொங்கும் அக்கூடத்தில், ஓவியத்தின் பொருளை விரித்துரைப்பதை விட்டு, கடதாசி எத்தனை விதமாய்க் கிழியும், கோடு எத்தனை விதமாய் ஓடும் எனச் சிறுவரே கையாற் செய்து காண விட்டனர். மூன்றாண்டு கழித்து, வாசிக்கத் தெரியாக் குழந்தைகளுக்கெனப் பத்துச் சதமமீற்றர்ச் சதுரமான பன்னிரு நூல்களை வெளியிட்டார். ஒன்று மரத்தாலானது, ஒன்று துணியாலானது, இன்னொன்று பிளாத்திக்காலானது. 1998 இல் மிலான் நகரிலேயே காலமானார். அச்சிறு நூல்களை இன்றுங் குழந்தைகள் தடவியும் புரட்டியும் பார்க்கின்றனர்.