பன்னீர்த் திராட்சையும் ரோஜாவும்: விருந்துக்கேற்ற ஒரு பானம்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சை, 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகையைச் சேர்ந்த இதற்கு இயல்பாகவே பூவை ஒத்த மணமுண்டு. ஆயினும் குலையினின்று உதிர்ந்த பழங்கள், எவ்வளவு நல்லவையாயினும், சந்தையில் உரிய விலை பெறுவதில்லை. அவற்றைக் கல்யாணம் முதலிய விருந்துகளுக்கேற்ற பானமாக்கினால் விளைபொருள் வீணாகாது.

இதில் முக்கியமாகக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. திராட்சையின் தோலில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் இயற்கையாகவே தங்கியிருக்கின்றன. பிழிந்த சாற்றை அப்படியே வைத்தால் அவை அதிலுள்ள சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. குழந்தைகளும் அருந்தலாம் என்று நம்பி வைத்த சாறு, எவரும் நினையாமலே மதுவாகிவிடும். இறுக மூடிய சீசா வெடிப்பதும் உண்டு. இதனைத் தடுக்க வல்லது உஷ்ணமே. 1869இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வாழ்ந்த தாமஸ் வெல்ச் என்னும் பல் வைத்தியர், தேவாலயத்துக்கு மதுவாகாத திராட்சைச் சாறு வேண்டி, பாஸ்டர் கண்டறிந்த சூடேற்றும் முறையையே கையாண்டார்.

பூவைத் தேர்ந்தெடுப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். மாலைக்கென விற்கப்படும் ரோஜாவில் பூச்சி மருந்து தங்கியிருக்கக் கூடுமாதலால் அது ஆகாது. மருந்து தெளிக்காத வீட்டுத் தோட்டத்துப் பன்னீர் ரோஜாவே ஏற்றது. அரளி முதலிய நச்சுப் பூக்கள் ஒருக்காலும் சேரலாகாது.

செய்முறை வருமாறு: அழுகல் இல்லாத பழம் 2 கிலோ எடுத்துக் காம்பு நீக்கி, நன்றாகக் கழுவி, எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டுக் கையால் பிசைய வேண்டும். விதை நசுங்கினால் துவர்ப்பேறுமாதலால் இயந்திரத்தில் அரைத்தல் கூடாது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களைப் பழப்புளிப்பு அரிக்குமாகையால் அவற்றையும் விலக்க வேண்டும். பிசைந்ததை இளந்தீயில், கொதிக்க விடாமல், 10 நிமிஷம் கிளறினால் தோலின் நிறம் சாற்றில் இறங்கும். இறக்கியவுடன் கழுவிய ரோஜா இதழ் 50 கிராம் சேர்த்து மூடி, அரைமணி நேரம் கழித்துத் துணியில் வடிகட்டுக. மூடாவிடில் மணம் ஆவியோடு போய்விடும்.

ஏறக்குறைய 1 லிட்டர் சாறு கிடைக்கும். லிட்டர் ஒன்றுக்குச் சர்க்கரை 1¾ கிலோவும் இரண்டு எலுமிச்சம்பழச் சாறும் கலந்து கரைத்து, மூடியவாறே மீண்டும் சூடேற்ற வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்றி ஆவி எழும் நிலையில், அதாவது சுமார் 85 டிகிரி சென்டிகிரேடில், 10 நிமிஷம் வைத்திருந்து, வெந்நீரில் கொதிக்கவைத்த கண்ணாடிச் சீசாக்களில் சூடு ஆறுமுன் நிரப்பி மூடுக. இதழ்களோடு வந்த நுண்ணுயிர்களும் இச்சூட்டில் மடியும். மிகுந்த சர்க்கரையும் பானகத்தைக் காக்கும்.

இப்பானகம் ஏறக்குறைய 2 லிட்டர் தேறும். பங்கு ஒன்றுக்குக் குளிர்ந்த நீர் நான்கு பங்கு சேர்த்தால், 200 மில்லி கொண்ட 50 தம்ளர்கள் கிடைக்கும். நீரைப் பரிமாறும் வேளையில்தான் சேர்க்க வேண்டும். நீர் கலந்து மிஞ்சியதை மறுநாளைக்கு வைத்தல் தகாது. திறந்த சீசாவைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

சீசாவின் அடியில் உப்புப் போன்ற துகள் படிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அது திராட்சைக்குரிய டார்ட்டார் உப்பே. நுரை கிளம்பினாலோ, மூடி புடைத்தாலோ, கள்வாடை வீசினாலோ அச்சீசாவைக் கொட்டிவிட வேண்டும். விற்பனைக்கென்று செய்வோர், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னதாகவே பதிவோ உரிமமோ பெறுதல் அவசியம்.