கற்றலை அளந்தறிதல்

ஒருவன் பெற்ற கல்வியை மற்றொருவன் எங்ஙனம் அளந்தறிவது? இவ்வினா கல்வியைப் போன்றே பழமையுடையது. புலமையை அளத்தல் பற்றித் தமிழில் கிடைக்கும் பழஞ்செய்திகளுள் குறிப்பிடத்தக்கது இறையனார் களவியலுரையின் முகப்பில் உள்ளது. சங்கத்தார் பலரும் அந்நூற்கு உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை எனத் துணிதற்கு ஒரு காரணிகன் வேண்டப்பட்டான். உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்தாண்டு ஊமைச் சிறுவன் அவ்விருக்கையில் அமர்த்தப்பட்டான். மருதனிளநாகனார் உரைத்தபோது அவன் சிற்சில இடங்களில் கண்ணீர் வார்த்தான். நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். ஆதலின் நக்கீரர் உரையே மெய்யுரை எனத் துணியப்பட்டது என்ப.

இதனை நடந்த வரலாறாகக் கொள்ளல் வேண்டா. மதிப்பீடு பற்றிய ஒரு கருத்தாகக் கொள்ளின் பயன் மிகுதி. காரணிகன் உரைகாரருள் ஒருவன் அல்லன். எல்லார் உரையையும் அவன் ஒருவனே கேட்டான். முழுமைக்கு ஒரு மதிப்பு வழங்காது இடந்தோறும் சொல்தோறும் நோக்கினான். இம்மூன்றும் இன்றைய தேர்வியலார் வற்புறுத்தும் நெறிகளே. குறை ஒன்றுண்டு. அவன் ஊமை, துணிவுக்குக் காரணம் கூறான். இன்று விடைத்தாளின் முகப்பில் இடப்படும் 58 என்னும் எண்ணும் அத்தகைய ஊமையே. எண் உண்டு, காரணம் இல்லை.

மேனாட்டிலும் வாய்மொழித் தேர்வே நெடுங்காலம் வழங்கிற்று. அமெரிக்காவின் பாசுடன் நகரப் பள்ளிகளில் 1845ஆம் ஆண்டில் எழுத்துத் தேர்வு புகுத்தப்பட்டது. அனைவர்க்கும் ஒரே வினா, ஒரே கால அளவு. ஆகவே நடுவுநிலை பிழையாது என்று அக்காலத்தார் கருதினர். இந்நம்பிக்கையை அசைத்தவர் தானியல் சுடார்ச்சு, எட்வர்டு எலியட்டு என்னும் இருவர். ஆங்கிலப் பாட விடைத்தாள்கள் இரண்டன் படிகளை அவர்கள் பல பள்ளிகட்கு விடுத்தனர். 142 ஆசிரியர் திருத்தி விடுத்த மதிப்பெண்களை 1912ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரையும் மற்றொன்றுக்கு 50 முதல் 90க்கு மேல் வரையும் மதிப்பெண் கிடைத்திருந்தது. மொழிப்பாடத்தில் இஃது இயல்பே, கணக்கில் இங்ஙனம் நேராது என்று சிலர் மறுத்தனர். அடுத்த ஆண்டில் வடிவகணித விடைத்தாள் ஒன்றை அவ்வாறே விடுத்தபோது வேற்றுமை இன்னும் பெரிதாயிற்று.

இதனினும் வியப்புத் தருவது, ஒருவரே தம்மொடு தாம் முரணுதல். இங்கிலாந்தில் ஆர்ட்டாகு, உரோட்சு என்பார் 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றுப் பாட விடைத்தாள்கள் 15 தேர்வாளர் பலரிடம் தரப்பட்டன. ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் அத்தாள்களையே 14 தேர்வாளர் மீண்டும் திருத்தினர். 210 தீர்ப்புகளுள் 92 மாறிவிட்டன. முன்பு தேறியவர் தவறினர், தவறியவர் தேறினர். விடைத்தாளில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பதை நினைக.

இவ்வாய்வுகளின் பயனாக இரு கருத்துகள் தெளிவாயின. ஒன்று நம்பகம், அஃதாவது, யார் அளப்பினும் எப்போது அளப்பினும் அளவு ஒத்திருத்தல். மற்றொன்று ஏற்புடைமை, அஃதாவது, அளக்கக் கருதியதனையே அளத்தல். மரக்கால் கொண்டு நெல்லை அளப்பின் யார்க்கும் ஒரே அளவு வரும், அது நம்பகம். அம்மரக்காலைக் கொண்டு நிலத்தின் நீளத்தை அறிய முற்படின், எத்துணை நம்பகம் இருந்தும் பயனில்லை. இவ்விரண்டும் தம்முள் இழுபறி உடையன. கட்டுரை வினாவில் ஏற்புடைமை மிகும், நம்பகம் குறையும். கொள்குறி வினாவில் நம்பகம் நிறையும்; ஏற்புடைமை வினாவை அமைப்பவர் திறத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

கொள்குறி வினா அமெரிக்காவில் பிரடெரிக்கு கெல்லி என்பவர் 1914ஆம் ஆண்டையொட்டி அமைத்த படிப்புத் தேர்வினால் பரவத் தொடங்கியது. முதல் உலகப் போரில் படைஞர் பெருந்தொகையினரைத் தேர, 1917 முதல் அம்முறை பயன்பட்டது. அளக்க வேண்டியவர் மிகப் பலர். அளக்கும் பொழுதோ சிறிது. அந்நிலைக்குப் பிறந்த கருவி இஃது என்பதை மறத்தல் ஆகாது.

இது தமிழ் பயில்வோரை நேரே தொடுவது எங்ஙனமெனின், கூறுவாம். பல்கலைக்கழக நல்கைக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வு கல்லூரி ஆசிரியப் பணிக்கு வாயில். அதன் மூன்றாம் தாள் முன்னர் விரித்தெழுதும் தாளாக இருந்தது. 2012ஆம் ஆண்டு சூன் மாதம் முதல் அதுவும் கொள்குறித் தாள் ஆயிற்று. 2018 சூலை முதல் தாள்கள் இரண்டே. பொதுத்தாளில் 50 வினா, பாடத்தாளில் 100 வினா. 2024 முதல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் இம்மதிப்பெண் கொள்ளப்படுகிறது. எனவே, தமிழ் கற்பிக்கும் தகுதியை ஒருவர் ஒரு தொடரேனும் எழுதிக் காட்டாமலே பெற்றுவிடலாம். நடுவுநிலை நோக்கிலும் விரைவு நோக்கிலும் இம்மாற்றத்திற்குக் காரணம் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் இங்கு அளக்கப்படுவது யாது? நூலாசிரியர் பெயர், உரைகாரர் வரிசை, நூற்பாவின் இயல், பதிப்பாண்டு முதலியன. இவை இலக்கியக் கல்விக்கு வேண்டியனவே. இவையே இலக்கியக் கல்வி ஆகா. வினா எவ்வழியோ கற்போரும் அவ்வழியே செல்வர். முதுகலை மாணவர் மூலநூலை விடுத்து வினாவங்கிகளை நாடுவது அவர் குற்றம் அன்று, அளவுகோலின் குற்றம்.

கற்றலின் படிநிலைகளை வகுத்துரைத்தவர்களுள் பெயர் பெற்றவர் பெஞ்சமின் புளூம். அவர் தலைமையில் 1956ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் அறிதல், உணர்தல், பயன்கொள்ளல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் என அறுவகை காட்டிற்று. பின்னர் அவர் இந்தியாவுக்கு வந்து தேர்வுச் சீர்திருத்தப் பணியில் துணைநின்றார். அதற்கு முன்னரே, இராதாகிருட்டிணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு தன் 1949ஆம் ஆண்டு அறிக்கையில், ஒரே ஒரு சீர்திருத்தம் கூறுக எனின் தேர்வுச் சீர்திருத்தத்தையே கூறுவோம் என்னும் கருத்தினை வெளியிட்டிருந்தது. வகைபாடு வந்தது, சொற்களும் வந்தன. வினாத்தாள்களோ பெரும்பாலும் முதற்படியிலேயே நின்றுவிட்டன.

தமிழ்ப் பாடத்தில் மேற்படிகட்கு வினா அமைத்தல் அரிதன்று. புறநானூற்றுக்குப் பழைய உரை முதல் 266 பாடல்களளவிலேயே கிடைத்துள்ளது. பிற்கால உரைகள் உளவெனினும், பழைய உரைகாரர் திணை துறைகளை விளக்கும் நெறியினை முற்பகுதியிற் கற்ற மாணவனிடம், எஞ்சிய பகுதியினின்று ஒரு பாடலைத் தந்து, ‘அவ்வுரைகாரர் இதற்கு உரை கண்டிருப்பின் எவ்வெவற்றை விளக்கியிருப்பார்? காரணம் காட்டுக’ என வினவலாம். மனப்பாடம் இங்கு உதவாது. மெய்ப்பாட்டியலுக்கு இளம்பூரணர் உரையும் பேராசிரியர் உரையும் கிடைக்கின்றன. ஒரு நூற்பாவின் ஈருரைகளையும் அச்சிட்டுக் கொடுத்தே, இருவரும் எங்குப் பிரிகின்றனர், யாருடைய சான்று வலியது என வினவலாம். உரையைக் கையில் கொடுத்துத் தேர்வு நடத்துவதா எனச் சிலர் மலைப்பர். ஆய்வாளன் நூல்களை முன்வைத்துக்கொண்டே ஆய்கிறான். தேர்வில் மட்டும் அவன் நூலின்றி ஆய்தல் வேண்டும் என்பது என்ன முறையோ!

எழுத்து விடையின் நம்பகத்தை உயர்த்தவும் வழிகள் உள. தேர்வுக்கு முன்னரே வினாவுக்குரிய விடைக்கூறுகளையும் அவற்றின் மதிப்பையும் வரைந்துகொள்ளுதல், பெயரை மறைத்தல், ஒரு மாணவனின் தாளை முழுதும் திருத்தாது முதல் வினாவுக்குரிய விடைகளை எல்லாத் தாள்களிலும் திருத்தியபின் இரண்டாம் வினாவுக்குச் செல்லுதல், இருவர் தனித்தனியே திருத்துதல் என்பன அவை. இவற்றுள் மூன்றாவதற்குச் செலவு சிறிதும் இல்லை. முதல் விடை சிறப்பாயின் அடுத்த விடையின் குறையையும் கண் மறைக்கும். அதனை இம்முறை தடுக்கும். இருவர் திருத்துதற்குப் பொழுதும் பொருளும் மிக வேண்டும். அதனை முதுகலைத் தேர்வளவிலேனும் கொள்ளலாம்.

இனி, கற்று முடிந்தபின் அளத்தல் ஒன்று, கற்கும்போதே அளத்தல் மற்றொன்று எனப் பிரித்துப் பெயரிட்டவர் மைக்கேல் சுகிரிவன், ஆண்டு 1967. முன்னையதைத் தொகுமுறை என்றும் பின்னையதை வளர்முறை என்றும் வழங்கலாம். வளர்முறையின் நோக்கம் தரம் பிரித்தல் அன்று; திருத்தம் பெறுவித்தல். உரூத்து பட்லர் என்னும் அறிஞர் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஆசிரியர் அனைவரும் அறியத்தக்கது. சிறுவர் சிலர்க்கு மதிப்பெண் மட்டும், சிலர்க்குக் குறிப்புரை மட்டும், சிலர்க்கு இரண்டும் வழங்கப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றோரே ஊக்கமும் முன்னேற்றமும் காட்டினர். இரண்டும் பெற்றோர் மதிப்பெண் மட்டும் பெற்றோரைப் போன்றே இருந்தனர்! எண்ணைக் கண்ட கண் குறிப்புரையை நோக்கவில்லை போலும்.

நம் கல்லூரிகளில் அகமதிப்பீடு என்பது வளர்முறைக்கென வந்ததே. 100இல் 25 மதிப்பெண் அதற்கென ஒதுக்குதல் பல கல்லூரிகளில் வழக்கம். நடைமுறையிலோ அது பருவத்தேர்வின் சிறுபடியாகச் சுருங்கியது. அதே வகை வினா, அதே வகை விடை, எண் மட்டுமே மறுமொழி. ஒப்படைப்புக் கட்டுரையேனும் மாணவன் தன் உழைப்பாக நின்றது. 2022ஆம் ஆண்டின் இறுதி முதல், கேட்ட பொருளில் கட்டுரை எழுதித் தரும் கணிப்பொறி நிரல்கள் யார் கைக்கும் எட்டுவன ஆயினபின், அவ்வுறுதியும் தளர்ந்தது.

இந்நிலையில் நன்னூலின் பொதுப்பாயிரம் கூறும் கணக்கு ஒன்று நினைக்கத்தக்கது. ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டாலும் புலமையில் காற்கூறே நிரம்பும். உடன்பயில்வோரொடு பழகுதலால் மற்றொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறு பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும் என்பது பவணந்தியார் கருத்து. இக்கணக்கின்படி நோக்கின், நாம் எழுத்துத் தேர்வில் அளப்பது முதற்காற்கூற்றை மட்டுமே எனலாம். முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு மட்டும் பொதுவாய்மொழித் தேர்வினை இன்றும் வைத்துள்ளோம். அவையோர் வினவுவர், ஆய்வாளர் விடை இறுப்பர், ஏடு அவருடையதுதானா என்பது சிறிது நேரத்தில் தெரிந்துவிடும். முதுகலை வகுப்பில் இதன் சிறுவடிவினை மேற்கொள்ளத் தடை யாது? ஒவ்வொரு மாணவனும் தன் ஒப்படைப்புக் கட்டுரையைப் பத்து நிமிடம் வகுப்பின்முன் எடுத்துரைக்க, உடன்பயில்வோர் இருவர் வினாவ, ஆசிரியர் எண்ணை உடனே கூறாது காரணத்தை மட்டும் எழுதித் தருதல் வேண்டும். முப்பதின்மர் பயிலும் வகுப்பில் வினாவும் விடையும் சேர்ந்து ஏறத்தாழப் பத்து மணி நேரம் செல்லும். பருவம் ஒன்றில் அகத்தேர்வுகட்கும் அவற்றைத் திருத்துதற்கும் நாம் இப்போது செலவிடும் பொழுதை நோக்க இது மிகுதியன்று.